இரவல் மெட்டும் ஏட்டுச் சட்டமும்

பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியோர் அறிவர்: பாட்டின் தலைப்பிலேயே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்றொரு குறிப்பிருக்கும். மெட்டை இரவல் வாங்குவதை எவரும் குற்றமாகக் கருதியதில்லை. காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தைத் தழுவி அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். தழுவியதை அவர் மறைக்கவில்லை. நூலின் பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே வழக்கந்தான். உத்தமபாளையத்தை அடுத்த பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958-இல் மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாடினார். தோட்டத் தொழிலாளருக்குப் பழகிப்போன திரைப்பட மெட்டுகளில் புதுச் சொற்களை ஏற்றினார். கேட்டவர் உடனே திருப்பிப் பாட முடிந்தது. அதுவே அப்பாட்டின் வலிமை. வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாவலரின் குழுவில் சேர்ந்த இளைய தம்பிதான் பின்னாளில் இளையராஜா.

விந்தை என்னவெனில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1958-இல், சனவரி 21 அன்று! ஏட்டின்படி, பிறர் மெட்டை மேடையேற்ற இசைவு வேண்டும். தேயிலைக் காட்டில் யார் அதை நினைத்தார்கள்? அச்சட்டம் எழுத்தில் குறித்த இசையையே இசைப் படைப்பு என்றது. மனோதர்மமாக இராகம் விரிக்கும் நாகசுரக்காரர் அதன் கண்ணுக்குத் தென்படவில்லை. பாடகருக்கோ உரிமையே இல்லை.

1977-இல் உச்சநீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்து இயற்றச் செய்த திரையிசை, வேறு உடன்படிக்கை இல்லாவிடில் அவருடையதே என்றது. அவ்வழக்கில் தனிக்குறிப்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுவோரைச் சட்டம் புறக்கணிப்பது இந்தியத் தன்மைக்கு ஒவ்வாதது என்றார். தேவிகுளம் தேர்தலின்போது கேரளத்தின் சட்ட அமைச்சராக இருந்தவரும் இவரே.

குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதாத இசையையும் ஏற்றது. பாடுவோருக்கும் உரிமை தந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு ஈட்டும் உரிமத்தொகையில் இயற்றியவரின் சமபங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாதபடி ஆக்கிற்று.

2017-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் அமெரிக்கக் கச்சேரிகளின்போது, தம் பாடல்களை இசைவின்றிப் பாடலாகாது என இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்பியது. பலர் சினந்தனர். நுழைவுக் கட்டணம் வாங்கும் அரங்கில் இயற்றியவர் பங்கு கேட்பதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய உழைப்பு அது. ஆனால் ஊர் மேடைக்கு அதே அளவுகோல் கூடாது. நல்லவேளை, சட்டமே விலக்களித்திருக்கிறது: கட்டணமின்றிப் பாடும் தொழில்முறை சாராத மன்றத்துக்கும், சமய நிறுவனத்தின் நன்மைக்காகப் பாடும் அத்தகைய மன்றத்துக்கும், திருமண ஊர்வலத்துக்கும் இசைவு வேண்டியதில்லை.

ஆகவே, கம்பத்தில் மீலாது மேடையேறும் சிறுவர் மன்றம் பழைய திரை மெட்டில் நாயகப் புகழைத் தாராளமாகப் பாடலாம். அதனையே கைப்பேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றினால், அந்த விலக்கு உடன்வருவதில்லை.