எடைக்குப் போகிற பித்தளை

கயத்தாறிலிருந்து பேசுகிறேன். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது பழைய பித்தளையைப் பற்றி.

போன மாசம் எங்க ஆச்சியோட பாத்திரங்களை விற்றுவிடலாம்னு வீட்டில் முடிவாச்சு. ஒரு அண்டா, ரெண்டு குத்துப்போணி, ஒரு தாம்பாளம். பழைய பாத்திரக் கடையில் தராசில் ஏற்றினாங்க. கிலோ கணக்குதான். கூட வந்த அக்கா மகன் போனில் ஒரு படம் காட்டினான். வெளிநாட்டு ஏலத்துக்கு வந்த ஒரு பித்தளை செஸ் மேசை. "மாமா, இதை மட்டும் ஏன் எடை போட்டு விக்கல?" நல்ல கேள்விதான்.

சேகரிப்பாளர்கள் தேடுகிற செஸ் மேசைகளில் ரொம்பப் பேர் பெற்றது ஒன்று பித்தளையே இல்லை. சிற்பி இசாமு நொகுச்சி 1944ல் வடிவமைத்தது. கறுப்பு பிளைவுட் பலகை. அதைச் சுழற்றினால் உள்ளே காய்களைப் போட்டுவைக்க அலுமினியக் குழிகள். அந்த வருஷம் நியூயார்க்கில் ஜூலியன் லெவி கேலரியில் செஸ்ஸை வைத்தே ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காகச் செய்தது. பிறகு ஹெர்மன் மில்லர் கம்பெனி கொஞ்ச காலம்தான் தயாரித்தது. பிளைவுட்டுக்கும் அலுமினியத்துக்கும் எடைக்கு என்ன கிடைக்கும்? யார் செய்தது, எப்போது, எதற்கு என்ற மூணு கேள்விக்கும் பதில் இருக்கிறதே, காசு அதற்குத்தான்.

நம்ம நாட்டிலேயே இதற்கு ஒரு கதை இருக்கு. 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அரசு அலுவலகங்களுக்கான தேக்கு நாற்காலிகளை வடிவமைத்ததில் பியர் ஜீன்னரே முக்கியமானவர். காலம் போகப் போக, உடைஞ்ச சாமான்னு அவற்றைக் கழித்து ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கி, சீர்செய்து, பெரிய ஏலக் கூடங்களில் விற்றார்கள். இனி விற்கக்கூடாதுன்னு மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது 2011ல். வேடிக்கை என்னன்னா, எந்த ஆபீஸ், எத்தனையாவது நாற்காலின்னு குமாஸ்தா பெயிண்டில் எழுதிவைத்த எழுத்தைத்தான் இன்றைக்கு வாங்குகிறவர்கள் அசலுக்கு அடையாளமாகத் தேடுகிறார்கள்.

இன்னும் பக்கத்தில், புதுச்சேரிக்கு வாங்க. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக்கு 1937ல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். கட்டட வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. பிற்பாடு அமெரிக்காவில் அவர் செய்த மர மேசைகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள். கோல்கொண்டாவின் பித்தளைக் கைப்பிடிகளும் கீல்களும் எதிலிருந்து வந்தன தெரியுமா? அடியார்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. பாத்திரம் போனாலும் கதை போகல. யாரோ ஒருத்தர் எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கடையில் நின்றபோது எனக்கு இதெல்லாம் ஓடியது. அண்டாவின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து: ஆச்சி பேர், அவங்க அப்பா பேர், கல்யாண வருஷம். சீர் கொடுக்கிறப்போ பேர் வெட்டிக் கொடுக்கிறது நம்ம வழக்கம் இல்லையா? சண்டிகர் நாற்காலியின் பெயிண்ட் எழுத்து செய்கிற வேலையை இதுவும் செய்யுது.

அண்டாவைத் திருப்பி வாங்கிட்டேன். தாம்பாளத்தில் பேர் இருந்துச்சான்னு பார்க்கத் தோணல. அது அதற்கு முன்னாடியே குவியலுக்குள் போயிடுச்சு. ஆச்சி அண்டாவை எந்த ஏலத்திலும் கேட்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். ஆனால் எங்க வீட்டில் ஆச்சியோட அப்பா பேர் எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதான்.

உங்க வீட்டுப் பாத்திரம் எடைக்குப் போறதுக்கு முன்னாடி விளிம்பைத் துடைத்துப் பாருங்க. முடிஞ்சா ஒரு படம் எடுத்து வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.