மெல்லிய கோடுகளில் நிற்பவர்கள்

நாங்கள் கோப்பை கழுவும் உணவகத்தின் மண்டபத்தில் ஒரு வேட்டைப்படம் தொங்குகிறது. குதிரைமேல் பிரபு, பாயும் நாய்கள், நடுவில் களைத்துப்போன மான். கீழே ரீடிங்கர் என்ற பெயர். ஜேர்மனியின் பழைய விடுதிகளில் வேலை செய்த நம்மவர் பலர் இப்படியான படங்களின் தூசியைத் துடைத்திருப்பார்கள்.

ஜோகான் எலியாஸ் ரீடிங்கர் 1698இல் உல்ம் நகரில் பிறந்தவர். ரேகன்ஸ்பூர்க்கில் ஒரு பிரபுவிடம் இருந்தபோது வேட்டைகளை நேரில் கண்டவர். பின்னர் அவுக்ஸ்பூர்க்கில் சொந்தப் பதிப்பகம் நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார். 1729இல் வந்த 'பிரபுக்களின் வேட்டையின்பம்' 36 படங்கள் கொண்டது. 1767இல் அவர் இறந்தபோது பரோக் கலையின் காலமும் முடிந்துகொண்டிருந்தது.

இவ்வகைப் படம் உருவாகும் முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, அதை ஊசியால் கீறுவார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிபடும். சிறிது நேரத்தில் வெளியே எடுத்து, தூரத்துக் காட்சிகளின் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். முன்னால் நிற்பவை நீண்ட நேரம் அரிபட்டு ஆழமாகும். மை பூசித் துடைத்து, ஈரக் கடதாசி வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் ஆழமான கோடு கறுப்பாகவும் மற்றது மங்கலாகவும் பதியும்.

பிரபு கறுப்பாக முன்னால் நிற்கிறார். எங்கள் சுவரிலுள்ள படத்தில், மரங்களுக்கப்பால் மங்கலாகத் தெரியும் சிறு உருவங்கள் விவசாயிகள். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களல்லர். விலங்குகளைக் கலைத்து வருவது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கூலியில்லா ஊழியம். தம் பயிரை மேயும் மானைக் கொன்றால் தண்டனை. உல்முக்குத் தெற்கேயுள்ள மெமிங்கனில் 1525இல் விவசாயிகள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் நான்காவது, வேட்டையும் மீன்பிடியும் பொதுவாக இருக்கவேண்டும் என்பதே. அவ்வெழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமை, ஜேர்மன் அரசுகள் பலவற்றில் 1848 புரட்சியோடுதான் ஒழிந்தது. ரீடிங்கரின் தகடுகள் இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே செதுக்கப்பட்டவை.

அக்காலத்தில் விலங்குகள் தப்பாதிருக்கக் காட்டைச் சுற்றிக் கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிடுவார்கள். அசையும் துணிக்கு மான் அஞ்சும். சில மான்கள் அஞ்சாமல் பாய்ந்துவிடும். எங்கள் சமையற்காரர் கைதவறிப்போன எதையும் "துணிகளுக்கூடாகப் போய்விட்டது" என்று சலித்துக்கொள்வார். அது வேட்டைக்காரனின் சலிப்பு. மொழிக்குள் இன்னமும் அவனே இருக்கிறான். எல்லைகளுக்கூடாக இரவில் நடந்து வந்த எங்களுக்கு அச்சொல் மான் தப்பிய சேதியாகவே கேட்கிறது.