கார் ‘ஹெட் கேஸ்கட்’டை வீட்டிலேயே மாற்றலாமா? கந்தக பூமிக்காரர்களுக்கு ஒரு கையேடு!

மே மாத மதியம். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். காரில் நாலு பேர், ஏசி ஃபுல்லில் ஓடுது. திடீரென்று ஏசிக் காற்று வெதுவெதுப்பாகிறது. டேஷ்போர்டைப் பார்த்தால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. அப்போது மனசு சொல்லும்: ‘இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, ஓட்டிட்டுப் போயிடலாம்.’

அந்த நாலு கிலோமீட்டரை ஓட்டாதீர்கள். ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் ஒரு ஹோஸ் அல்லது ஃபேன் சுவிட்ச் செலவோடு முடிந்துவிடும். ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். இன்னும் ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும். நிறுத்திய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

சரி, கேஸ்கட் போயே போச்சு என்றால்? வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து நாமே மாற்ற முடியுமா? முடியும். ஆனால், எந்த கார், எந்த இடம், எந்த இடத்தில் வேலையை நிறுத்தி லேத் பட்டறைக்குப் போக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அது என்ன ‘பேக்கிங்’?

நம்ம ஊர் மெக்கானிக்குகள் ‘ஹெட் பேக்கிங்’ என்பது இதைத்தான். இன்ஜினின் கீழ்ப் பாகம் பிளாக். மேல் பாகம் ஹெட். இரண்டுக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். பெட்ரோல் எரியும்போது வரும் அழுத்தத்தையும், பக்கத்திலேயே ஓடுகிற ஆயிலையும், கூலன்ட்டையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுப்பது இது ஒன்றுதான்.

பல சின்ன கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வழக்கமான சூட்டில் இந்த வித்தியாசத்தை கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். ஓவர்ஹீட் ஆகும்போது ஹெட் விரிய இடமில்லாமல் போல்ட்டுகளுக்கு நடுவே வளைகிறது, கேஸ்கட் நசுங்குகிறது. ஆறியதும் ஒரு இடைவெளி மிஞ்சுகிறது.

அதனால், ‘கேஸ்கட் போயிடுச்சு, மாத்தியாச்சு’ என்று விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் போகலாம். ஏன் சூடானது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

குடிக்க நல்ல தண்ணி, காருக்கு போர் தண்ணியா?

நம்ம பக்கம் குடிக்கிறதுக்கு ‘நல்ல தண்ணி’யை குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவோம். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மாவுக்குத் தெரியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். பாத்ரூம் ஹீட்டருக்குள் படிகிற அதே வெள்ளைப் படிவம் இன்ஜினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். சூடு வெளியேற வழி குறையும். கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் துருவையும் கொண்டுவரும். ஏப்ரல், மே வெயிலில் ஏசி போட்டு ஓட்டினாலோ, தீபாவளி சீசனில் பட்டாசு வாங்க வருகிற வெளியூர் கார்களோடு நெரிசலில் ஊர்ந்தாலோ, அதுவரை மறைந்திருந்த குறை எல்லாம் வெளியே வரும்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட். ‘நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?’ என்று கழற்றி வீசிவிடுவார்கள். இதனால் உண்மையான கோளாறு கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். அடைத்த ரேடியேட்டர், ஓடாத ஃபேன், தளர்ந்த ரேடியேட்டர் மூடி, தேய்ந்த வாட்டர் பம்ப் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

நிஜமாகவே கேஸ்கட்தானா?

வெளியே சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது முதல் சந்தேகம். வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருவது அடுத்தது. சைலன்ஸரில் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, லேசான இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது என்று அர்த்தம். ஊட்டியில் காலையில் எல்லா காரும் வெள்ளைப் புகை விடும், அது வேறு. விருதுநகர் வெயிலில் அந்தச் சாக்கு செல்லாது.

ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் நுரை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஆனால், தினமும் கடைத்தெரு வரைக்கும் மட்டுமே ஓடுகிற காரிலும் லேசாக இது படியும். டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பேரிங்குகள் போய்விடும். சந்தேகம் தீர கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைவாக வந்தால், நடுவில் கேஸ்கட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த கார்?

முதல் முயற்சிக்கு மாருதி 800 மாதிரி ஒரு கார்தான் சரி. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்த கார் நம்ம பக்கம் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒரே கேம் ஷாஃப்ட். ஹெட்டை ஒரே ஆள் தூக்கிவிடலாம். அப்பா வாங்கிய முதல் கார், விற்கவும் மனசில்லை, பட்டறையில் விடவும் பட்ஜெட் இல்லை என்பவர்களுக்கு இந்த வேலை அர்த்தமுள்ளது. டர்போ டீசல், காமன்ரெயில் இன்ஜின்களை இப்படித் தொட வேண்டாம். வாரன்ட்டியில் இருக்கும் காரைச் சொல்லவே வேண்டாம்.

‘படிக்காம எப்படி மெக்கானிக் வேலை?’ என்று யாராவது கேட்டால் ஜி.டி.நாயுடுவைச் சொல்லுங்கள். சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டியே தொழில் கற்றவர் அவர். 1920-ல் பொள்ளாச்சி – பழநி இடையே பஸ் விட்டார். ஆனால், அவர் பிரித்ததை எல்லாம் திருப்பி மாட்டினார் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே செய்யக் கூடாது?

இது மற்ற ஊர் கையேடுகளில் இருக்காது. வீட்டில் பட்டாசுப் பெட்டி, கிஃப்ட் பாக்ஸ், திரி எதுவாவது வைத்திருந்தால் அந்த வீட்டில் இந்த வேலை வேண்டாம். பக்கத்து வீட்டில் இருந்தாலும் வேண்டாம். பெட்ரோல் குழாயைக் கழற்றப் போகிறீர்கள், இரும்பும் இரும்பும் உரசப் போகிறது. உராய்வு என்ன செய்யும் என்று சிவகாசிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டிக்கியில் பட்டாசோடு நடுரோட்டில் இன்ஜின் கொதித்தால், முதலில் ஆட்களை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து நோண்டுவது அப்புறம். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டே ரிப்பேரைத் தொடங்குங்கள்.

பிரிப்பது

இரவு முழுக்க ஆறவிட்டு காலையில் ஆரம்பியுங்கள். சூடான ஹெட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. எம்பிஎஃப்ஐ மாடல் என்றால் எரிபொருள் லைனில் இருக்கும் அழுத்தத்தை மேனுவல் சொல்கிறபடி இறக்குங்கள். வடித்த கூலன்ட்டை சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றாதீர்கள். அதன் இனிப்பு வாசனைக்கு நாய், பூனை வந்து குடிக்கும். அது விஷம்.

கழற்றும் ஒவ்வொரு ஹோஸ், ஒயர், கனெக்டரையும் கழற்றும் முன்பே மொபைலில் போட்டோ எடுங்கள். போல்ட்டுகளுக்கு ஒரு பழைய தினசரி காலண்டர் அட்டை போதும். அதில் இன்ஜின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே ஓட்டை போட்டுக் குத்திவையுங்கள். நீளம் மாறினால் திருப்பி மாட்டும்போது த்ரெட் போய்விடும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகள் துருப்பிடித்துப் பிடிவாதம் பிடிக்கும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் நேராக நிறுத்தி போட்டோ எடுங்கள். அதன்பிறகு எதையும் சுற்றக் கூடாது.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சில சுற்றுகளில் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பாதீர்கள், பக்கவாட்டில் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால் விடும்.

பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போடும் முன் நிதானமாகப் பாருங்கள். எங்கே கறுப்புத் தடம் ஓடியிருக்கிறதோ அங்கேதான் கசிந்திருக்கிறது. மூன்று பிஸ்டன்களில் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால், அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

ஒரு தாளின் பாதி

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது. சிலிண்டர்களுக்குள் துணியை அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுங்கள். கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டி ‘சீக்கிரம் முடிச்சிடலாம்’ என்று இறங்கினால் அலுமினியத்தில் குழி விழும். போல்ட் ஓட்டைகளுக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தேங்கிய நிலையில் போல்ட்டை முறுக்கினால் அந்த அழுத்தம் பிளாக்கையே விரிசல் விடவைக்கும்.

அப்புறம் அளவு. நல்ல எஃகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். இந்த அளவு சின்ன இன்ஜின்களில் அனுமதிக்கிற வளைவு பெரும்பாலும் 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். சரியான எண்ணை உங்கள் மாடல் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவரிடம் சொன்னால் உடனே புரியும்: 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன், அதில் பாதி. கண்ணால் பார்த்து ‘நேராத்தான் இருக்கு’ என்று சொல்கிற சமாசாரம் இல்லை இது.

வளைந்திருந்தால் வீட்டு வேலை இங்கே நிற்கிறது. ஹெட்டை ஃபேசிங் செய்யும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வளையாவிட்டாலும் ஒருமுறை பிரஷர் டெஸ்ட் செய்துவிடுவது நல்லது, விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு சீவலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேறு ஹெட்தான். இதனால்தான் முதல்முறை செய்பவர்கள் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கச் சொல்வேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிக்க அவசரப்பட்டவர்கள் இந்த அளவெடுப்பைத்தான் முதலில் விடுவார்கள்.

மாட்டுவது

புதிய கேஸ்கட்டில் ‘டாப்’ என்றோ வேறு குறியோ இருக்கும். அது மேலே வர வேண்டும். திருப்பி வைத்தால் ஆயில் வழி அடைபடலாம். ‘சேஃப்டிக்கு’ என்று பசை தடவ வேண்டாம். மேனுவல் சொல்லாவிட்டால் காய்ந்த, எண்ணெய்ப் பிசுக்கில்லாத பரப்பில் அப்படியே வைப்பதுதான் முறை.

ஹெட் போல்ட்டை முறுக்க டார்க் ரெஞ்ச் கட்டாயம். சொந்தமாக இல்லாவிட்டால் தெரிந்த பட்டறையில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். ‘கை கணக்கு’ எல்லாம் முப்பது வருடம் தொழில் பார்த்தவர்களுக்கு. நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி, மேனுவலில் இருக்கும் வரிசைப்படி, இரண்டு மூன்று கட்டமாக முறுக்குங்கள். சில இன்ஜின்களில் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டால் மறுபடி பயன்படாத வகை. அவற்றுக்குப் புதுசுதான்.

டைமிங் பெல்ட்டை மாட்டியதும் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று போட்டோவோடு ஒப்பிடுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் பலம் போடாதீர்கள், மறுபடி பெல்ட்டைப் பாருங்கள். டேப்பெட் இடைவெளியையும் சரிபார்க்க இதுதான் நேரம். ஆயிலும் ஃபில்டரும் புதுசு. பழைய ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும்.

கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில், பாட்டிலில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். மூடி திறந்தபடி, ஹீட்டரை ஹாட்டில் வைத்து, ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அடங்கியதும் மூடியைப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கிறதா என்று கவனியுங்கள். ஓடவே இல்லையா? உங்கள் கேஸ்கட்டைக் கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது! இதையெல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே, ஏசி போடாமல், பத்து நிமிஷம். மறுநாள் காலை வண்டி ஆறிய பிறகு கூலன்ட் அளவையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் இரண்டையும் மொபைலில் போட்டோ எடுத்து வைத்தால், குறைகிறதா இல்லையா என்பது ஒப்பிட்டாலே தெரியும். குறையாமல் அதே கோட்டில் நின்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.