சட்டப் பேராசிரியரும் ஒரு குளத்துத் தண்ணீரும்

நாவல் எழுதுகிறவனுக்குக் கோர்ட்டு வழக்கு என்றாலே ஒரு சபலம். கொலை வழக்கோ, உயில் வழக்கோ கண்ணில் பட்டால் இது ஒரு கதைக்கு ஆகுமா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் நான் படித்த வழக்குகளில் என்னைப் பிடித்து உலுக்கியது கொலையும் அல்ல, உயிலும் அல்ல. ஒரு குளத்துத் தண்ணீரைச் சில மனிதர்கள் தொடலாமா, கூடாதா என்பதுதான் அந்த வழக்கு. 1927-ல் தொடங்கி 1937-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் முடிந்தது. தீர்ப்பு வந்த அன்று முதல் பிரதிவாதி என்ன உத்தியோகத்தில் இருந்தார் தெரியுமா? பம்பாய் அரசாங்கச் சட்டக் கல்லூரியின் பிரின்ஸிபாலாக இருந்தார்!

அந்தப் பிரதிவாதிதான் டாக்டர் அம்பேத்கர். அரசியல் சாசனத்தை வகுத்தவர் என்று அவரை எல்லோரும் அறிவோம். சிலைகளில் கையில் புத்தகத்தோடு நிற்பவராகவும் அறிவோம். வகுப்பில் நின்று சட்டம் போதித்த வாத்தியாராக, கறுப்பு அங்கி அணிந்து பிறர் உரிமைக்கு வாதாடிய வக்கீலாக அவரை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

1918-ல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக அவர் சேர்ந்தார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு வந்த அந்தப் பேராசிரியர், ஆசிரியர்களுக்கென வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பதற்குச் சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். படித்த மனிதர்களின் அறையிலேயே இந்த லட்சணம் என்றால் கிராமத்துக் கிணற்றைப் பற்றிக் கேட்பானேன்?

மறுபடி லண்டன் சென்று பாரிஸ்டராகித் திரும்பி, 1923-ல் பம்பாயில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வழக்குகள் தேடி வரவில்லை. வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதி நேர வேலை சில காலம் கைகொடுத்தது. 1928-ல் அரசாங்கச் சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். 1935 ஜூனில் அதே கல்லூரிக்குப் பிரின்ஸிபால். சட்டத் தத்துவத்துக்கான 'பெர்ரி பேராசிரியர்' பதவியும் கூடவே வந்தது. 1938-ல் விலகும் வரை, வருங்கால வக்கீல்களுக்கு நியாயம் என்றால் என்ன என்று பாடம் சொன்னார்.

வக்கீலாக அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளும் யோசிக்க வைப்பவை. 1926-ல் 'தேசத்தின் எதிரிகள்' என்று பொருள்படும் மராத்திப் பிரசுரம் ஒன்றுக்காக அவதூறு வழக்கில் சிக்கிய பிராமணரல்லாத தலைவர்களுக்காக வாதாடி ஜெயித்தார். 1934-ல் பாலியல் அறிவைப் பற்றிப் பத்திரிகை நடத்திய ரகுநாத் கார்வே மீது ஆபாச வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடித் தோற்றார். கார்வே ஒரு பிராமணர். உரிமை என்பது தன் ஜாதிக்காரனுக்கு மட்டும் உரிய பண்டம் அல்ல என்று இந்த வக்கீல் கருதினார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனிக் குளத்துக்கு வருவோம். கொங்கணத்தில் மஹாட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே சௌதார் குளம். பொது நீர்நிலைகளைத் தீண்டாதாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923-ல் தீர்மானம் போட்டது. மறு வருஷம் மஹாட் நகரசபையும் அதை ஏற்றது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நாலு அடி தூரந்தான். அந்த நாலு அடியை 1927 மார்ச் 20-ந் தேதி அம்பேத்கர் நடந்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்துக் குடித்தார். பின்னால் வந்த கூட்டமும் குடித்தது. அன்றே அடி விழுந்தது. பிறகு 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தி' செய்தார்கள்!

அதே வருஷம் டிசம்பரில் இரண்டாம் முறை கூடினார்கள். ஆனால் இதற்குள் எதிர்த் தரப்பினர் கோர்ட்டுக்குப் போய், குளம் தனியார் சொத்து என்று சொல்லித் தற்காலிகத் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார்கள். "குளத்துக்குப் போவோம்" என்பதே அவர்கள் பேச்சு.

நான் நாவலாசிரியனாக இருந்து அந்தக் கட்டத்தை எழுதியிருந்தால், கதாநாயகனைத் தடையை மீறித் தண்ணீரில் இறக்கியிருப்பேன். வாசகர்களும் கைதட்டியிருப்பார்கள். நிஜ வாழ்வின் கதாநாயகன் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்தினரிடம் பேசி, வழக்கு முடியும் வரை காத்திருக்கச் சம்மதிக்க வைத்தார். குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் நடந்தது. தாகத்தோடு வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தபடி சுற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

இது கோழைத்தனமா? அப்படி நினைத்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். எனக்கோ இதுதான் அவர் வாழ்க்கையின் கடினமான தைரியம் என்று தோன்றுகிறது. சட்டம் மேல்ஜாதிக்காரன் கையாள் அல்ல, அதைத் தன் பக்கமும் நின்று பேச வைக்க முடியும் என்று நிரூபிக்க நினைத்தவர், வசதிப்படாதபோது சட்டத்தை உதறிவிட்டுப் போக முடியுமா?

அதற்குக் கொடுத்த விலை சுமார் ஒன்பது வருஷம். குளம் தனியாருடையது என்ற வாதம் கீழ்க்கோர்ட்டிலேயே விழுந்தது. 'அநாதி கால வழக்கம்' என்ற வாதம் மட்டும் படியேறிக்கொண்டே போயிற்று. 1937 மார்ச் 17-ந் தேதி, அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் சொன்னவர் நீதிபதி புரூம்ஃபீல்டு. 1922-ல் காந்திஜிக்கு ஆறு வருஷச் சிறைத் தண்டனை விதித்தவரும் அவரேதான். சரித்திரம் எங்களைவிடத் துணிச்சலான கதாசிரியன்!

நான் வசிக்கும் திருவண்ணாமலை குளங்களின் ஊர். கோயிலுக்குள்ளே சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், வெளியே ஐயங்குளம், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லிங்கத்துக்கு ஒரு தீர்த்தமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். இங்கே மலையே ஸ்வாமி. மலைக்குக் கதவு போட யாராலும் முடியவில்லை. கதவு இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. 1939-ல் மதுரையில் வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் நடத்தினார். 1947-ல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 15-வது ஷரத்தைப் பாருங்கள்: கிணறுகள், குளங்கள், படித்துறைகள் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. உலகத்துக்கே பொதுவான லட்சியங்களைப் பேசும் ஏட்டில் ஒரு படித்துறைக்கு என்ன வேலை? மஹாட் குளத்தின் ஈரம் அந்த வரியில் இருக்கிறது. உரிமை பறிபோனால் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வழி செய்யும் 32-வது ஷரத்தை, சாசனத்தின் இதயம் என்றே அவர் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு, இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30-ந் தேதி. ஏறக்குறைய எண்பது வருஷங்களாகத் தங்களை விடவில்லை என்றார்கள் அவர்கள். சட்டம் வந்து எழுபத்தாறு வருஷம் கழித்து, மாவட்ட அதிகாரிகள் முன்னே போக, போலீஸ் காவல் நிற்க, தங்கள் ஊர் அம்மனை அவர்கள் கண்டார்கள்.

அப்படியானால் சட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அன்று அதிகாரிகளை முன்னே நடக்க வைத்தது யாருடைய தயவும் அல்ல, ஏட்டில் இருந்த சட்டம். சட்டம் தானாக நடக்காது. யாராவது அதைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். பம்பாய்ப் பேராசிரியர் வகுப்பில் என்ன பாடம் நடத்தினாரோ, வெளியே நடத்திக் காட்டிய பாடம் இதுதான். தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள அந்த நாலு அடியை, ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் முதலில் நடந்தாக வேண்டியிருக்கிறது.