மேசைமேற் போர்க்களம்: தனித்தாடுவோனும் விதிநூல்களும்

போரை விளையாட்டாக்கிக் காணும் வழக்கம் மிகப் பழையது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவிற் பிறந்து, பாரசீகரிடத்தும் அராபியரிடத்தும் பயின்று, பின் ஐரோப்பாவை அடைந்தது. 1780 ஆம் ஆண்டில் ஜேர்மன் நாட்டுப் பிரவுன்சுவிக் அரசவையைச் சார்ந்த ஹெல்விக் என்னும் ஆசிரியர் அச்சதுரங்கத்தையே விரித்து, மலை, ஆறு, சதுப்புநிலம் என்பவற்றைக் குறிக்கக் கட்டங்களுக்கு வெவ்வேறு நிறந் தீட்டிப் புதியதோர் ஆட்டம் வகுத்தார்.

எனினும், சதுரங்கத்துக்கும் போருக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. சதுரங்கத்தில் ஒரு காய் மற்றொன்றை வெட்டுதல் உறுதி. போர்க்களத்தில் அவ்வுறுதி இல்லை. சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் யாவும் கண்முன் நிற்கின்றன. போர்க்களத்திலோ மேட்டுக்கு அப்பால் நிற்பது யாதெனத் தலைவன் அறியான். இவ்விரண்டு குறைகளையும் நீக்க முயன்றவர்கள் பிரஷிய நாட்டு றைஸ்விற்ஸ் என்னுந் தந்தையும் மைந்தனுமாவர். தந்தையார் 1812 ஆம் ஆண்டளவில் அமைத்த ஆட்டம் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னரின் அரண்மனைக்குள் இடம்பெற்றது. பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த மைந்தனார் அதனைத் திருத்தி 1824 இல் நூலாக வெளியிட்டார்.

மைந்தனாரின் ஆட்டத்திற் கட்டங்கள் இல்லை. 1:8000 என்னும் அளவில் வரைந்த நிலப்படமே களமாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போரைக் குறித்தது. துப்பாக்கி வேட்டின் பயன், தூரத்துக்கேற்ற அட்டவணைகளாலும் தாயக்கட்டையாலும் கணிக்கப்பட்டது. இரு பக்கத்தாரும் தத்தம் கட்டளைகளை மத்தியஸ்தரிடம் எழுதிக் கொடுப்பர். அவரவர் படை காணக்கூடிய எதிரிகளை மாத்திரமே மத்தியஸ்தர் அவர்க்குக் காட்டுவர். தளபதி முப்லிங் இவ்வாட்டத்தை நேரிற் கண்டு வியந்து, படையினர்க்கு இதனைப் பரிந்துரைத்தார். காலஞ் செல்ல அட்டவணைகள் பெருகின. ஆட்டம் கணக்குப் பாடமாயிற்று. ஆதலின் 1876 இல் வேர்டி டு வேர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கி, அநுபவம் மிக்க மத்தியஸ்தரின் தீர்ப்பே போதும் என வாதித்தார். விதி ஆளுவதா, மதி ஆளுவதா என்னும் இவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை.

படைவீரரின் இப்பயிற்சி பொதுமக்களின் பொழுதுபோக்காதற்குப் பொம்மைகள் துணைசெய்தன. எழுத்தாளர் றொபேட் லூயி ஸ்ரீவென்சன் 1881-82 மாரிகாலத்திற் சுவிற்சலாந்தின் டாவோஸ் நகரில் நோய்க்கு மருந்தாகத் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மைந்தனுடன் தரையிற் பொம்மைப் படைகளை நிறுத்திப் போராடினார். 1893 முதல் இங்கிலாந்தின் பிரித்தன் கம்பனியார் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை மலிவாக வார்த்து விற்றனர். எச். ஜீ. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட 'சிறு போர்கள்' என்னும் நூல் இப்பொம்மைகளுக்கு விதி வகுத்தது. வெல்ஸின் விதியிற் பீரங்கிப் போருக்குத் தாயக்கட்டை இல்லை. விற்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கியே உண்மையாகக் குண்டெறியும். வீழ்ந்த பொம்மை இறந்ததாகும். உண்மைப் போரின் கொடுமையையும் மடமையையும் இச்சிறு போர்கள் மனிதர்க்கு உணர்த்தும் என அவர் நம்பினார். அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது.

இவ்வாட்டங்கள் யாவும் இருவரை வேண்டுவன. ஆயினும் எதிராளி கிடைக்காதவனும், ஒரு போரைத் தன் விருப்பப்படி நுணுகி ஆராய விரும்புபவனும் தனித்தே ஆடத் தலைப்பட்டனர். 1962 இற் போர்விளையாட்டைப் பற்றிப் பலரும் படித்த நூலொன்றை எழுதிய டொனால்ட் பெதர்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர், 1973 இல் தனித்தாடுதலுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். தனித்தாடுவோன் இரு சேனைகளுக்கும் தலைவன், மத்தியஸ்தனும் அவனே. அவனை மறுத்துரைப்பார் எவருமிலர். ஆதலின் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் உபாயங்களை அவன் தேடுகின்றான். ஒவ்வொரு சேனைக்கும் மூன்று அல்லது ஆறு திட்டங்களை முன்னரே எழுதிவைத்து, அவற்றுள் ஒன்றைத் தாயக்கட்டையால் தெரிதல் ஓர் உபாயம். எந்தப் படை முதலில் நகரும் என்பதைச் சீட்டுக்களை எடுத்துத் துணிதல் மற்றொன்று.

விதிநூல்களின் இயல்பு தனித்தாடுவோனுக்கே நன்கு புலப்படும். வெல்ஸின் பீரங்கி அவனுக்கு உதவாது. குறிபார்க்குங் கை தான் விரும்பும் பக்கத்துக்கு இரங்கிவிடும். றைஸ்விற்ஸின் ஆட்டத்துக்கு உயிர்நாடி எதிரியை மறைத்தல். இரு பக்கமும் அறிந்தவனுக்கு மறைப்பு ஏது? வேர்டியின் வழியோ முழுவதும் தீர்ப்பாளனின் மதியையே சார்ந்தது. அத்தீர்ப்பாளனே கட்சிக்காரனாயிருத்தல் பொருந்தாது. எனவே தனித்தாடுவோன் அச்சிட்ட விதிகளையே நாடுகின்றான். அவ்விதிகளுட் சிறந்தது யாது என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

கி. மு. 216 இல் இத்தாலியின் கன்னே என்னுமிடத்தில் நிகழ்ந்த போரைக் கொண்டு இதனை ஆராயலாம். உரோமர் பக்கத்தில் ஏறக்குறைய 80,000 காலாட்களும் 6,000 குதிரைவீரரும், ஹனிபால் பக்கத்தில் 40,000 காலாட்களும் 10,000 குதிரைவீரரும் இருந்தனர் எனப் பொலிபியஸ் கூறுவர். ஹனிபாலின் நடுவணி மெல்லப் பின்வாங்கியது. உரோமர் உள்ளே நெருக்கி நுழைந்தனர். இரு மருங்கிலும் ஆபிரிக்கக் காலாட்படை வளைத்தது. பின்னால் குதிரைப்படை தாக்கியது. உரோமசேனை சுற்றிவளைக்கப்பட்டு அழிந்தது.

இங்கிலாந்திற் போர்விளையாட்டு ஆராய்ச்சிக் குழுவினர் 1969 முதல் வெளியிட்ட பண்டைப்போர் விதிகளில் ஒரு பொம்மை இருபது வீரரைக் குறிக்கும். ஆயுதம், கவசம், தொகை என்பவற்றுக்கு எண்கள் கொடுத்துக் கூட்டி, இறந்தோர் தொகையை அட்டவணையிற் காண்பர். படையின் உளவுரத்துக்குத் தனியாகச் சோதனை உண்டு. அக்குழுவைச் சேர்ந்த பில் பாக்கர், றிச்சாட் பொட்லி ஸ்கொற் என்பாருடன் 1990 இல் வெளியிட்ட 'டி பெல்லிஸ் அன்ரிக்குவிற்றாற்றிஸ்' என்னும் விதிநூல் இதற்கு முற்றும் மாறானது. அதில் எந்தச் சேனைக்கும் பன்னிரண்டு படைக்கூறுகளே. ஒரு முறையில் எத்தனை நகர்வுகள் கூடும் என்பதைத் தாயக்கட்டை வரையறுக்கும். ஆதலின் தலைவன் நினைத்த யாவற்றையும் செய்யமுடியாது. தனித்தாடுவோனுக்கு இது நல்லதொரு கடிவாளம். தாக்குண்ட கூறு பெரும்பாலும் பின்வாங்கும். பக்கத்திலோ பின்னாலோ எதிரி நிற்கையிற் பின்வாங்க நேரின் அது அழியும்.

கன்னேயை முந்திய விதியால் ஆடினால் உரோமரின் தொகைப்பெருக்கம் களத்தில் தோன்றும்; ஆனால் அவர் அழிவு சிறுகச் சிறுகக் கூடும் எண்ணிக்கையாகவே காணப்படும். பிந்திய விதியால் ஆடினால் சுற்றிவளைத்தலின் கொடுமை ஒரே கணத்திற் புலனாகும்; ஆனால் இரு சேனைகளும் பன்னிரண்டாகச் சமப்படுத்தப்படுதலின், சிறுபடை பெரும்படையை விழுங்கிய வியப்பு மறைந்துவிடும். காலாள் தொகையிற் குறைந்தும் குதிரைப்படையில் மிக்கிருத்தலே நன்று என்பது கன்னேயிலிருந்து பொலிபியஸ் பெற்ற பாடம். உரோமர் முகத்திற் காற்று புழுதியை வீசியது என்பதையும் லிவி குறிப்பிடுவர். எதற்கு எண் கொடுப்பது, எதனை விடுவது என்பதே விதியாசிரியனின் பணி. ஆகவே விதிநூல் என்பது எண்ணால் எழுதப்பட்ட வரலாற்று விளக்கமே. இரண்டு விதிநூல்களை ஒப்பிடுவோன் இரண்டு வரலாற்றாசிரியரை ஒப்பிடுகின்றான்.

விதி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையாள்வோனிடத்து நேர்மை வேண்டும். 1942 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும். அவ்வாண்டு மே மாதத்தில் யப்பானியர் மிட்வே தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தனர். அமெரிக்க விமானங்கள் ஒன்பது குண்டுகளை எய்தி அக்காகி, காகா என்னும் விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்தன எனத் தாயக்கட்டை தீர்ப்பளித்தது. தலைமை வகித்த உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்து, காகா ஒன்றே மூழ்கியதெனத் திருத்தினார் என்றும், பின்னர் அதுவும் ஆட்டத்துள் மீண்டது என்றும் விமானப்படைத் தலைவர் புச்சிடா எழுதியுள்ளார். யூன் 4 ஆந் திகதி உண்மைக் கடலில் அவ்விரண்டோடு வேறிரண்டும் தாக்குண்டன, நான்கும் மூழ்கின. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் கப்டன் கில்பேட் றொபேட்ஸ், பெண் கடற்படையினரின் துணையுடன், தரையிற் கோடிட்டுக் கப்பற்போரை ஆடினார். எதிரியின் இடத்திலே தம்மை நிறுத்திச் சிந்தித்தமையால், ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பற்கூட்டத்தின் பின்புறமாக உள்ளே புகுகின்றன என்பதைக் கண்டார். அதற்கேற்ப வகுத்த உபாயங்கள் அத்திலாந்திக் கடலிற் பல உயிர்களைக் காத்தன. முன்னவர் விரும்பாத விடையை மாற்றினார். பின்னவர் எதிரியின் கண்ணாலும் பார்த்தார்.

தனித்தாடுவோனின் மேசையிற் கப்பலும் மூழ்காது, உயிரும் போகாது. ஆயினும் தான் விரும்பும் சேனை தோற்குந் தறுவாயில், தாயக்கட்டையை மறுமுறை உருட்ட அவன் கை நீளும். அவ்வேளையிற் கையை மடக்குதலே இவ்வாட்டம் கற்பிக்கும் முதற் பாடம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வரலாறு கற்போனும் இரு கட்சியாரின் ஏடுகளையும் முன்வைத்துத் தனித்தே அமர்கின்றான். இறந்தோருள் எவரும் எழுந்து அவனை மறுத்துரையார். தோற்றவன் பக்கத்துக்கும் தன் முழு அறிவையும் கொடுத்து ஆடியவன், வென்றவன் எழுதிய வரலாற்றை எளிதில் நம்பிவிடான்.