எங்களுக்குப் பின் யார்?

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் தொடக்கத்தில் கேட்கும் கேள்வி, "குழந்தை பேசுமா?" என்பது. குழந்தை வளர்ந்து ஆளாகி, பெற்றோரின் தலை நரைக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது: "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?"

பாட்டி, அத்தை, சித்தப்பா என்று பலர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தில் இக்கேள்விக்கு வீட்டிலேயே விடை இருந்தது. இன்று திருவரங்கத்து வீதிகளிலும் திருச்சியின் குடியிருப்புகளிலும் வயதான தாய் தந்தையர் மட்டுமே வாழும் வீடுகள் பல. வீட்டில் கிடைத்த விடையைச் சமூகம் எவ்வாறு தேடிற்று? அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பழி சுமந்த தாய்மார்கள்

ஆட்டிசம் என்ற சொல் 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறருடன் எளிதில் ஒட்டாமையும், எல்லாம் மாறாமல் இருக்க வேண்டுமென்ற பிடிவாதமும் அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டன. மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

அடுத்து ஒரு தவறு நேர்ந்தது. தாயின் அன்பு வறண்டுபோனதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து பரவிற்று. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே மருத்துவம் என்றும் சிலர் கூறினர். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலறிஞர் இதை மறுத்து நூல் எழுதினார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் 4-இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருக்களான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இது காட்டிற்று. தாயின் மீதிருந்த பழி நீங்கியது. பெற்றோர், சிகிச்சையில் பங்காளிகள் ஆயினர்.

டொனால்டு என்ற முதல்வர்

கானரின் கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்றவர் டொனால்டு டிரிப்லெட். எண்ணுவதிலும் அளப்பதிலும் அவருக்குத் தீராத நாட்டம். சிறு வயதில் அவர் ஓர் உழவர் குடும்பத்துடன் சில காலம் தங்கியிருந்தார். அந்த உழவர் அந்த நாட்டத்தைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து வரச் சொன்னார். உழும்போது மக்காச்சோள வரிசைகளை எண்ணச் சொன்னார். நம் முசிறியிலோ இலால்குடியிலோ உள்ள ஓர் உழவர், நாற்று முடிகளை எண்ணும் பொறுப்பை ஒரு சிறுவனிடம் ஒப்படைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொனால்டு பின்னர் கல்லூரியில் பட்டம் பெற்று வங்கியில் பணிபுரிந்தார். சொந்த ஊரிலேயே வாழ்ந்து, 2023-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார். குடும்பத்தின் வசதி அவருக்கு உதவியது உண்மையே. ஆயினும் ஊரார் அவரை அறிந்து ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணமாகும். அந்த 11 பேருள் சிலர் பெரிய காப்பகங்களில் அடைபட்டனர். 1971-இல் கானர் மீண்டும் விசாரித்தபோது, அவர்களிடம் முன்பிருந்த ஒளி மங்கிவிட்டிருந்ததைக் கண்டார்.

சட்டத்தில் இடம்

நம் நாட்டில் அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளிகள் முன்பே தோன்றின; சென்னையில் பால விஹார் 1953-இல் தொடங்கிற்று. ஆட்டிசத்துக்கென 1991-இல் தில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற அமைப்பை, ஆட்டிசம் உள்ள ஒருவரின் தாயான மெர்ரி பருவா நிறுவினார். எனினும் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் குறிப்பிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை! 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளிலும் அது இடம்பெற்றது.

1999-ஆம் ஆண்டுச் சட்டம் நம் கேள்விக்கு நேரடியாகவே விடை தர முயல்கிறது. பெற்றோர் இறந்தபின் அவர்களின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்தால் பெற்றோரும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. எனவே மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு அமைக்க வழி செய்யப்பட்டது. மாவட்ட ஆட்சியர் அல்லது அவருக்கு இணையான அலுவலர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பர். திருச்சி மாவட்டத்தில் வாழும் பெற்றோர் இக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் தேவைதானா, எதற்காகத் தேவை என்பதைக் குழு ஆராய வேண்டும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும். கடமை தவறினால் அவரை நீக்கவும் இயலும்.

சட்டம் மட்டும் போதுமா?

சட்டம் காப்பாளரைத் தரும், நண்பரைத் தராது. வேலையும் தங்கும் இல்லமும் தாமாக வந்துவிடா. அவற்றுக்குப் பயிற்சி பெற்றோர் வேண்டும். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் ஒரு தனித் துறையாகவே இருப்பது இவ்வகையில் பெரும் பேறு.

நீங்களும் உதவலாம். ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிர்பாராத மாற்றமும் பேரொலியும் வேதனை தரும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஒரு வளர்ந்த பையன் காதைப் பொத்திக்கொண்டு நின்றால், அதை அடம் என்று எண்ணிவிடாதீர்கள். சற்று விலகி வழிவிடுங்கள். எந்த நாளில் எந்த வாகனம் என்பதைத் திருவிழாப் பத்திரிகை முன்கூட்டியே சொல்கிறதல்லவா? அதுபோல அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக வரைந்து வரிசையாகக் காட்டினால் இவர்களின் கலக்கம் பெரிதும் குறைகிறது. கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் அண்டை வீட்டாரும் அவன் பெயரையும் வழக்கங்களையும் அறிந்திருந்தால், அதுவே ஒரு பாதுகாப்பு.

"எங்களுக்குப் பின் யார்?" என்று கேட்கும் பெற்றோருக்கு, ஒரு காப்பாளரின் பெயர் பாதி விடைதான். மறு பாதி, அந்தத் தெருவில் வாழ்பவர்களிடம் இருக்கிறது.