அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியும்: பார்க் ப்ளேஸ் காலரி, 1967

1960களில் அமெரிக்கச் செவ்வியல் இசையைத் திசைமாற்றியவர்களில் முக்கியமான சிலர் தங்கள் முதல் கேட்போரைக் கச்சேரி அரங்குகளில் சந்திக்கவில்லை. ஓவியக் காலரிகளிலும் ஓவியர்களின் கிடங்குகளிலும்தான் சந்தித்தார்கள். இசை வரலாற்று நூல்கள் இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன, ஏதோ மழைக்கு ஒதுங்கிய திண்ணை மாதிரி. அந்தத் திண்ணை இசைக்கு என்ன செய்தது? இசைக்குள் சிக்கியிருந்த ஒரு மனிதக் குரலுக்கு என்ன செய்தது? என் அக்கறை இந்த இரண்டாவது கேள்வியில். 'நமக்கெதுக்குய்யா நியூயார்க் கச்சேரி' என்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தமிழ் எம்.ஏ.யில் மனப்பாடம் செய்த நன்னூல் இந்த இடத்தில் கைகொடுக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைய நியூயார்க்கில் புதிய செவ்விசைக்கு அதிகாரபூர்வமான முகவரி நகரத்தின் வடக்கே, பல்கலைக்கழகத்தில் இருந்தது. பன்னிரு சுரங்களையும் வரிசைகளாக அடுக்கிக் கணக்குப் போடும் முறைதான் அங்கே உயர்ந்த இசை. மில்டன் பாபிட் 1958இல் எழுதிய பிரபலமான கட்டுரை, இயற்பியல்காரனுக்குக் கிடைக்கும் ஒதுக்கிடமும் பாதுகாப்பும் இசையமைப்பாளனுக்கும் வேண்டும் என்று வாதாடியது. நீங்கள் கேட்டால் யாருக்கென்ன என்கிற தொனியில் அமைந்த அதன் தலைப்பைப் பத்திரிகைக்காரர்கள்தான் வைத்தார்கள் என்பது பாபிட்டின் புகார். இருக்கட்டும். தலைப்பு பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முகவரிக்குள் நுழைய முடியாதவர்கள், நுழைய விரும்பாதவர்கள் வேறு இடம் தேடினார்கள். 1960 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் யோகோ ஓனோவின் சேம்பர்ஸ் தெரு மாடியில் கச்சேரிகள் நடந்தன. லா மான்ட் யங் அவற்றை ஒழுங்கு செய்தார் என்றே வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாடகை கொடுத்து இடத்தைப் பிடித்த பெண்மணி வீட்டுக்காரம்மாவாகிவிட்டார். 1961இல் ஜார்ஜ் மசியூனாஸின் ஏ.ஜி. காலரியில் பழைய இசையையும் புதிய இசையையும் சேர்த்து ஒரு தொடர் நடந்தது. கடனில் காலரி மூழ்கியது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். இதெல்லாம் முன்கதை.

பார்க் ப்ளேஸ் காலரி ஓவியர்களும் சிற்பிகளும் கூடி நடத்திய கூட்டுறவு. மார்க் டி சுவெரோ, ராபர்ட் க்ரோவ்னர், டீன் ஃப்ளெமிங் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பார்க் ப்ளேஸ் தெருவில் தொடங்கி, 1965இல் வெஸ்ட் பிராட்வேக்கு இடம் மாறியது. கட்டடம் விசாலம், நிறுவனம் சின்னது. சில சேகரிப்பாளர்கள் பணம் கொடுத்து, பதிலுக்குக் கலைஞர்களின் படைப்புகளை எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டில் ஓடியது. சுவரில் கோணங்களும் பட்டைகளுமான பெரிய அருவ ஓவியங்கள், தரையில் எஃகும் மரமும். பின்னாளில் புகழ்பெற்ற பவுலா கூப்பர்தான் அதன் இறுதிக்கட்ட இயக்குநர். இங்கேதான் ஸ்டீவ் ரைஷ் 1966இலும் 1967 மார்ச்சிலும் கச்சேரிகள் நடத்தினார். ஜூலியார்டில் படித்து, கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் லூசியானோ பெரியோவிடம் பயின்றவர் அவர். வடக்கு முகவரிக்கான சீட்டு அவரிடம் இருந்தது. அவர்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர்கள், சிற்பிகள், நடனக்காரர்கள், திரைப்படம் எடுப்பவர்கள். கூட்டத்தில் ஃபிலிப் கிளாஸும் இருந்தார், ஜூலியார்ட் காலத்துப் பரிச்சயம் அன்று புதுப்பிக்கப்பட்டது. இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து இயங்கியதும், சாமான் ஏற்றி இறக்கும் தொழில் நடத்திப் பிழைத்ததும், பிறகு விலகியதும் தனிக்கதை. சும்மா சொல்லக்கூடாது, இசைக்காரர்கள் கதவடைத்தபோது ஓவியர்கள் பாய் விரித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாய் விரித்தவனின் கண்ணால் பார்க்கப்படுவது என்கிற விலையும் அதில் உண்டு.

1967 மார்ச் நிகழ்ச்சியில் நான்கு பியானோக்களுக்கான படைப்போடு 'கம் அவுட்' என்கிற ஒலிநாடாப் படைப்பும் ஒலித்தது. அதன் பூர்வகதையைச் சொல்லியாக வேண்டும்.

1964 ஏப்ரலில் ஹார்லெமில் ஒரு பழக்கடையில் சின்னக் கலவரம். போலீஸ் அடித்தது. அடி வாங்கிய கறுப்பின இளைஞர்களில் ஒருவர் டேனியல் ஹாம். சில நாட்கள் கழித்து அந்தப் பகுதியில் மார்கிட் சுகர் என்கிற கடைக்காரப் பெண்மணி கொல்லப்பட்டார். ஹாம் உட்பட ஆறு கறுப்பின இளைஞர்கள் கைதானார்கள், 1965இல் தண்டிக்கப்பட்டார்கள். ஹார்லெம் அறுவர் என்று அவர்களைச் சொல்வார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் 1966இல் இதைப் பற்றித்தான் 'ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசத்திலிருந்து ஓர் அறிக்கை' எழுதினார். மறுவிசாரணைக்கு நிதி திரட்ட, அதே ஆண்டு ஏப்ரலில் டவுன் ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. ட்ரூமன் நெல்சன் என்கிற எழுத்தாளர் மணிக்கணக்கான நேர்காணல் நாடாக்களை ரைஷிடம் கொடுத்துத் தொகுத்துத் தரச் சொன்னார். சம்மதித்த ரைஷ் ஒரு நிபந்தனை வைத்தார்: அதிலிருந்து தனக்கென ஒரு படைப்புச் செய்துகொள்ள அனுமதி வேண்டும்.

அந்த நாடாக்களில் ஹாம் சொல்கிறார். போலீஸ் நிலையத்தில் அடி விழுந்தது, ரத்தம் வழிகிறவர்களை மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஹாமின் காலில் ரத்தக்கட்டு, ஆனால் வழியவில்லை. ஆகவே அவரே அதைக் கீறித் திறந்து, கொஞ்சம் ரத்தத்தை வெளியே வரவைத்து அவர்களுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. உடம்பு தன்னைத்தானே சாட்சியமாக மாற்றிக்கொண்டால் ஒழிய அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கோட்பாட்டு நூல் எதையும் நான் படித்ததில்லை.

ரைஷ் முழு வாக்கியத்தை மூன்று முறை ஒலிக்கவிடுகிறார். பிறகு 'கம் அவுட் டு ஷோ தெம்' என்கிற ஐந்து சொற்களை மட்டும் வெட்டி, வளையமாக்கி, இரண்டு தடங்களில் ஒன்றாகத் தொடங்குகிறார். ஒரு தடம் மயிரிழை மயிரிழையாக முந்துகிறது. முதலில் ஒரு எதிரொலி, பிறகு இரு குரல்கள், பிறகு நான்கு, பிறகு எட்டு. பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகி முடியும்போது சொல் இல்லை. ஒரு சீறல், ஒரு தாளக்கட்டு, அவ்வளவுதான்.

நன்னூலார் ஒரு சொல் அடுக்கி வருவதற்கு மூன்று காரணங்கள் சொல்வார்: அசைநிலை, பொருள்நிலை, இசைநிறை. எல்லையும் போடுவார், நான்கு வரைதான். 'பாம்பு பாம்பு' என்று கத்துகிறவன் பொருள்நிலையில் அடுக்குகிறான். பிரித்தால் ஒவ்வொன்றும் பாம்புதான். இரட்டைக்கிளவி வேறு. 'சலசல' என்பதைப் பிரித்தால் பொருள் இல்லை. 'கம் அவுட்' பொருள்நிலை அடுக்காகத் தொடங்குகிறது. உரையாசிரியர் யாராவது அதைக் கேட்டிருந்தால், எந்த நொடியில் இது இசைநிறையாகி, எந்த நொடியில் இரட்டைக்கிளவி ஆனது என்று தேடியிருப்பார். நான் தேடினேன். ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் அந்த நொடி இடம் மாறுகிறது. அதை நாடா மட்டும் தீர்மானிப்பதில்லை, கேட்கிற இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பதே என் கட்சி.

டவுன் ஹாலில் அந்தப் படைப்பு, கூட்டத்தில் தொப்பியை நீட்டிக் காசு வசூலித்தபோது ஒலித்த இசை என்று ரைஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு ஹாம் யாரென்று தெரியும், எதற்குக் காசு போடுகிறோம் என்று தெரியும். சொல் சிதைந்தாலும் ஆள் சிதையவில்லை. நம்மூர் ஒப்பாரியில் 'ராசாவே ராசாவே' என்று நூறு தடவை வந்தாலும் பிணம் நடுவீட்டில் கிடக்கிறதே, அது மாதிரி. பார்க் ப்ளேஸில் நடுவீட்டில் கிடந்தது சிற்பம். சுற்றிலும் கோணங்கள். அங்கே வந்தவர்களின் பயிற்சி வடிவத்தைப் பார்ப்பதில். ஒரு வட்டமும் இன்னொரு வட்டமும் மெல்ல விலகுவதன் அழகை அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, காலரிச் சுவர் அப்படித்தான் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறது. ரைஷ் 1968இல் எழுதி, 1969இல் விட்னி மியூசியத்தின் கண்காட்சி நூலில் வெளியான 'படிப்படியான செயல்முறையாக இசை' என்கிற கட்டுரை அந்தப் பயிற்சியின் பிரகடனம். செயல்முறை காதுக்குக் கேட்க வேண்டும் என்கிறது அது. யாருடைய தொண்டை என்கிற கேள்விக்கு அதில் இடமில்லை.

ரைஷை வில்லனாக்குவது சுலபம், தவறும்கூட. தன் குறிப்புகளில் ஹாமின் பெயரையும் அடி வாங்கிய கதையையும் அவர் மறைத்ததில்லை. முழு வாக்கியத்தை மூன்று முறை சொல்லவிட்டதும் ஒரு நேர்மைதான். சுமந்த் கோபிநாத் போன்ற இசையியலாளர்கள் இந்தப் படைப்பின் அரசியலை விரிவாக எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் குரல் போலீஸ் அடியின் திரும்பத் திரும்ப வருதலைத்தான் உணர்த்துகிறது என்று வாதாட இடமுண்டு. எனக்கும் சில சமயம் அப்படிக் கேட்கிறது. ஆனால் 1965இல் செய்த படைப்பில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் பதிவுசெய்திருந்த கறுப்பினப் பிரசங்கியின் குரல், அடுத்த ஆண்டு ஹாமின் குரல் என்று, வெள்ளை அவான்கார்டின் செயல்முறைக்கு மூலப்பொருளாக இரண்டு முறையும் கறுப்புத் தொண்டையே அகப்பட்டது தற்செயல் என்று என்னால் விழுங்க முடியவில்லை. மூலப்பொருள் ஓரிடத்தில், ஆலை வேறிடத்தில். இந்தப் பொருளாதாரம் நமக்குப் புதிதா என்ன?

பொருளாதாரம் என்றதும் இன்னொன்று. காலரியில் ஓவியம் விற்கும், இசை விற்காது. ஆனால் இசைக்குறிப்பு காகிதம்தானே, அது விற்கும். ஓவியர் சோல் லெவிட் ரைஷின் கையெழுத்துப் பிரதியை வாங்கினார். அந்தப் பணம் 'டிரம்மிங்' படைப்புக்கான வாத்தியங்கள் வாங்க உதவியது. அது 1971 டிசம்பரில் நவீன ஓவிய மியூசியத்தில் அரங்கேறியது. நாடாவை இப்படிச் சட்டம் போட்டு மாட்ட முடியாது. 'கம் அவுட்' 1967இல் கொலம்பியா நிறுவனத்தின் ஓடெஸ்ஸி இசைத்தட்டில் வெளிவந்தது.

பார்க் ப்ளேஸ் 1967இலேயே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பவுலா கூப்பர் சொந்தக் காலரி திறந்து, வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் அமைப்புக்கு நிதி திரட்டும் கண்காட்சியோடு தொடங்கினார். அருவ ஓவியங்கள்தான், ஆனால் எதற்கு என்று வாசலிலேயே எழுதியிருந்த மாதிரி. காலரிச் சுவரும் டவுன் ஹால் ஆக முடியும் என்பதற்கு அது சான்று. அறுவரின் தண்டனையை 1968இல் மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் ஹாம் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

2014இல் கறுப்பின ஓவியர் க்ளென் லிகன், அந்த ஐந்து சொற்களைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, எழுத்து இருளாகிப்போகும்வரை அடுக்கினார். 2015 வெனிஸ் பியனாலேயில் மைய மண்டபத்தின் முகப்பில் அவர் வைத்த நியான் படைப்பு வேறு மாதிரி. ஹாம் பேசும்போது நாக்குப் பிசகி, ரத்தக்கட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ப்ளூஸ்' என்று வந்துவிட்டது. லிகன் எடுத்துக்கொண்டது அந்த இடத்தை. ப்ளூஸ், ப்ளட், ப்ரூஸ் என்று மூன்றே சொற்கள். 'கம் அவுட்' அதில் இல்லை. ரைஷின் கத்திரி நாடாவில் வளையத்துக்கு வெளியே விட்டுவைத்த பகுதி அது.